கொசுறு

திருவொற்றியூர்க் கிடங்கிலிருந்து காஜா நசீர் பேசினார்:
"மேடம், எடை இடிக்குது.
பேக்கிங் லிஸ்டில் எழுநூற்றுப் பத்து கிலோ,
தராசில் எழுநூற்றுப் பதினேழு.
இந்த ஏழு கிலோ யாருடையது?"

அயோத்தியாபட்டினத்தில் அப்போது
களம் முழுக்க ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது.
சேர்வராயன் மலைமேல் மேகம் ஏறினால்
தார்ப்பாய்க்கு ஓட வேண்டும்.
ஒரு கண் மலையில், ஒரு காது போனில்.

நான் கேட்டது ஒரே ஓர் இயந்திரம்.
ஒவ்வொரு மணியாகப் பார்த்து
கறுப்புப் புள்ளி விழுந்ததைக்
காற்றால் ஊதித் தள்ளும் இயந்திரம்.
அதன் குறியீட்டு எண்ணுக்கு மூன்று நாள் தேடல்.
தரம் பிரிப்பதா, கண்ணால் அளப்பதா,
காற்றால் அடிப்பதா என்று விவாதித்து
எட்டு இலக்கத்தில் ஒரு பெயர் வைத்தோம்.
என் மகளுக்குப் பெயர் வைக்க
இத்தனை பேரைக் கேட்கவில்லை.

பெட்டியைப் பிரித்தார்கள்.
இயந்திரம் இருந்தது, எழுதியபடியே.
அதன் காலடியில், நுரைத்தாள் சுற்றி,
பன்னிரண்டு வால்வுகள்,
ஒரு தகர டப்பா தேயிலை,
செயலி பெயர்த்த தமிழில் ஒரு சீட்டு:
"அக்கா சேலம், இவை பணம் இல்லை. லின்."

"சும்மா கொடுத்ததுதானே?" என்றேன்.
காஜா சிரிக்கவில்லை.
"சும்மா வந்ததுக்கு விலை இல்லாமல் இருக்கலாம் மேடம்.
மதிப்பு இருக்கும்.
சட்டம் கேட்பது மதிப்பை."

அதைக் கொள்முதல் நோட்டின் அட்டையில்
எழுதிவைத்தேன்.
அதன்மேல் யாரோ பால் கணக்கு எழுதிவிட்டார்கள்.

லின்னுக்கு எழுதினேன், வால்வுக்கு விலை சொல்.
பூஜ்யம், என்றாள்.
பூஜ்யம் செல்லாது, என்றேன்.
தோழிக்கு, என்றாள்.
அந்தப் படிவத்தில் தோழிக்குக் கட்டம் இல்லை.
இரண்டு நாள் பேச்சில்லை,
கிடங்கு வாடகைதான் ஏறிக்கொண்டிருந்தது.
மூன்றாம் நாள் வந்தது விலைப்பட்டியல்,
ஒன்று முப்பத்தெட்டு டாலர்.
அடியில் அவள் எப்போதும் வைக்கும்
சிரிக்கும் பூனை இல்லை.

தேயிலைதான் நகரவில்லை.
அது உணவு. அதற்கு வேறு அலுவலகம்,
வேறு உரிமம், மாதிரி எடுக்க வேறு கை.
"ஒரு டப்பாவுக்காக மொத்தமும் நிக்குது, விட்டுடுங்க."
விடுவதற்கும் ஒரு கடிதம் உண்டு:
கீழ்க்கண்ட பொருளின் மீதான
என் உரிமையைத் துறக்கிறேன்.
கோ. வஞ்சிக்கொடி என்று கையெழுத்திட்டேன்,
மோந்துகூடப் பார்க்காத ஒன்றைத் துறந்து.
அபராதம் தனி. அதற்கு ரசீது இருக்கிறது.

இயந்திரம் ஓடுகிறது.
சில நேரம் நல்ல மணியையும் ஊதிவிடுகிறது.
மாதையன் அவற்றைத் தனிச் சாக்கில் பிடித்து
மறுபடி கொட்டுகிறான்,
இன்னொரு தடவை பார்க்கட்டும் என்று.

நேற்றுக் காலை, அம்மாபேட்டை உழவர் சந்தை.
அரைக் கிலோ கத்தரி, கால் கிலோ அவரை.
பையின் வாயில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைச்
செருகினாள் வாழப்பாடிக்காரி.
வாய் முந்திக்கொண்டது:
"இதுக்கு எவ்வளவு?"

தராசுத் தட்டைக் கவிழ்த்துத் தட்டியபடி
ஏற இறங்கப் பார்த்தாள்.
"என்ன கண்ணு, கொசுறுக்குப் போயி வெல கேக்கற?
வேண்டாம்னா வெச்சுட்டுப் போ."

கடிதம் எதுவும் கேட்கவில்லை அவள்.

பஸ்ஸுக்கு நிற்கையில்
அந்தக் கொத்தைப் படம் எடுத்து லின்னுக்கு அனுப்பினேன்,
கீழே ஒரே சொல், கொசுறு.
செயலி அதை என்னவென்று பெயர்த்ததோ,
உடனே பதில்:
"அக்கா, கொசு அதிகமா? மருந்து அனுப்பவா?"
அடியில் பூனை.

எதையும் அனுப்பாதே,
எதையும் அனுப்பாதே என்று
நின்ற இடத்திலேயே அவசரமாகத் தட்டுகிறேன்,
ஆத்தூர் பஸ் என்னை விட்டுவிட்டுப் போகிறது.